பதாகை பிடித்த கை

2018 நவம்பரில் இந்தியா வந்த ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி, பெண் பத்திரிகையாளர்களையும் செயற்பாட்டாளர்களையும் சந்தித்தார். அங்கே ஒரு தலித் செயற்பாட்டாளர் கொடுத்த பதாகையைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டார். தேன்மொழி சௌந்தரராஜன் வடிவமைத்த அந்தப் பதாகை சொன்னது: பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்த்தெறி.

படம் வெளிவந்ததும் 'பார்ப்பனர் மீது வெறுப்பு' என்று ஆதிக்க சாதியினர் கூச்சலிட்டார்கள். நிறுவனத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் விஜயா கட்டே உடனே மன்னிப்புக் கேட்டார். அது எங்கள் கருத்தல்ல, பரிசாகக் கொடுத்தார்கள் என்றார்.

எதற்காக மன்னிப்பு? பெண்ணின் உடலையும் திருமணத்தையும் கட்டுப்படுத்தித்தான் சாதி உயிர்வாழ்கிறது என்பதை 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விளக்கியவர் அம்பேத்கர். 1993இல் உமா சக்கரவர்த்தி 'பார்ப்பனிய ஆணாதிக்கம்' என்ற கருத்தாக்கத்தை விரிவாக எழுதினார். அது ஒரு சமூகக் கட்டமைப்பின் பெயர். எந்தத் தனிமனிதரையும் தாக்கச் சொல்லும் முழக்கம் அல்ல.

இதே டோர்சிதான் 2014இல், தான் பிறந்த செயின்ட் லூயிஸ் நகரையொட்டிய ஃபெர்குசனில் கறுப்பின மக்களின் போராட்டத்தில் நடந்தவர். அங்கே நின்ற கால்களுக்கு இங்கே ஏன் நடுக்கம்? இங்கே எதிரில் இருந்தது அவருடைய சந்தை.

அதே மாதம் மியான்மர் சென்று விபாசனா தியானத்தில் அமர்ந்தார். பிறகு அந்நாட்டின் அழகைப் புகழ்ந்து எழுதினார். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் அங்கிருந்து துரத்தப்பட்டது அந்தப் பதிவுகளில் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அதைப் பற்றிப் பேசினார். 1956இல் அம்பேத்கர் சமத்துவத்துக்காகப் புத்தரைத் தேர்ந்தார். டோர்சியின் புத்தர் மூச்சுப் பயிற்சியோடு நின்றுவிட்டார்.

'பதாகையைப் பிடித்தாரே, அதுவே பெரிதில்லையா?' என்று கேட்கும் தோழர்கள் அதன்பின் நடந்ததையும் பாருங்கள். 2019இல் திலீப் மண்டலின் கணக்கு முடக்கப்பட்டபோது, ட்விட்டர் சாதி பார்க்கிறது என்று பகுஜன் பயனர்கள் திரண்டெழுந்தார்கள். 2021இல் விவசாயிகள் போராட்டத்தின்போது 'கேரவன்' இதழின் கணக்கு இந்தியாவில் மறைக்கப்பட்டது. அரசு மிரட்டியது என்று டோர்சி வெளிப்படையாகச் சொன்னது 2023இல், பதவியை விட்டுப் போன பிறகு. அரசு அதை மறுத்தது. இடையில் 2022இல், 4,400 கோடி டாலருக்கு ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனது. அதை வரவேற்ற டோர்சி, தன் பங்குகளையும் மஸ்கின் நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டார். அங்கே எழுதிக் குவித்த நம் உழைப்பு, நம்மைக் கேட்காமலேயே கைமாறியது.

டோர்சி நல்லவரா கெட்டவரா என்பது நமக்கு வேண்டாத விசாரணை. முதலாளியின் மனசாட்சியை நம்பி நம் குரலை ஒப்படைக்கலாமா என்பதே கேள்வி. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும், அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' இதழையும் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. அடுத்தவன் திண்ணையில் பேசினால், அவன் எழுந்து போகச் சொல்லும்வரைதான் பேச்சு. ட்விட்டரில் எழுதுங்கள், சண்டை போடுங்கள். எழுதியதன் பிரதியை நம் இதழ்களிலும் நம் தளங்களிலும் சேர்த்து வையுங்கள்.