எரிந்த கண்ணுக்கு இரண்டு நீதியா?

உணவகத்தில் சாப்பிட வந்தவர் கண்ணில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். அதே எண்ணெய் அடுப்படியில் நிற்பவர் கண்ணில் தெறித்தால்? "நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லி, மருந்துச் செலவுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலையில் ஒரு கண்ணின் பார்வை போனால், அதை 30 விழுக்காடு வருவாய்த்திறன் இழப்பாகக் கணக்கிட்டது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். வெறும் கவனக்குறைவைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. 'ஒப்பந்தக்காரரின் ஆள்' என்றும் கைகழுவ முடியாது.

பிறகு ஏன் இவர்கள் வழக்குக்கு வருவதில்லை? 1957இல் சென்னை முரளி கபே முன்பு பெரியார் நடத்திய போராட்டம் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்தது. பலகை மாறியது; பின்கட்டு மாறவில்லை. காஸ்டிக் சோடா கரைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். அவர்களிடம் பணி ஆணையும் இல்லை, வருகைப் பதிவும் இல்லை.

பதிவேடு வைக்காதது முதலாளியின் குற்றம். அதற்கான தண்டனையைத் தொழிலாளியின் கண் ஏன் சுமக்க வேண்டும்? மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் 'வேலையின்போது' என்று எழுத வைப்பதிலிருந்து நம் இயக்கங்கள் தொடங்க வேண்டும் என்கிறேன்.