மலைப்பாதையும் கலப்புப் பெட்ரோலும்

கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை உடைய கள்ளக்குறிச்சி ஜில்லாவில், பெட்ரோலில் எத்தனால் கலப்பது என்றால் கரும்பு விவசாயியின் நன்மையே முதலில் நினைவுக்கு வருகிறது. அது இயல்பே. அந்நிய எண்ணெய்க்குச் செல்லும் பணம் குறைவதையும் நாம் வரவேற்கிறோம். (எத்தனாலில் பெரும்பங்கு இப்போது மக்காச்சோளம், அரிசி முதலிய தானியங்களிலிருந்து வருகிறது என்பதைக் கரும்பு விவசாயிகள் கவனிப்பார்களாக!) 2030-க்கென வைத்த 20 சதவிகித இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. இந்த அவசரத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே நமது கேள்வி.

ஒரு ராத்தல் பெட்ரோல் பூரணமாக எரிய 14.7 ராத்தல் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 ராத்தல் போதும். ஒரு லிட்டர் எத்தனால் தரும் உஷ்ணமோ, பெட்ரோல் தருவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. எத்தனாலுக்குத் தனிக் குணமும் உண்டு. மிகுந்த அழுத்தத்திலும் தட்டல் இன்றி எரியும். ஆனால் அக்குணம் பயன்பட வேண்டுமானால், சிலிண்டரின் அழுத்த விகிதத்தை உயர்த்தி யந்திரத்தை அமைத்திருக்க வேண்டும். பழைய கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளில் அது நடவாத காரியம். அதன் ஜெட் துவாரம் எண்ணெய்க்கு ஏற்ப மாறாது; கலவையில் காற்று மிகுந்துவிடும். கல்வராயன் மலையில் 3000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவதால் இக்குறை ஓரளவு ஈடாகிறது என்பது வேடிக்கை. ஆயினும் அதே காரணத்தால் யந்திரத்தின் பலமும் குறைகிறது. வெள்ளிமலைக்கு மூட்டையோடு ஏறுகிறவன் கைப்பிடியை இன்னும் முறுக்கத்தான் வேண்டும்.

இவை சர்க்கார் அறியாதவை அல்ல. பெட்ரோலுக்கென அமைத்து 10 சதக் கலப்புக்கு இசைவித்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவிகிதமும், கார்களில் 6 முதல் 7 சதவிகிதமும் எரிபொருள் சிக்கனம் குறையும் என்று நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை 2021-லேயே கூறிற்று. உஷ்ணக் குறைவுக்கு ஈடாக விலை குறைய வேண்டும், பழைய வண்டிகளுக்கு 10 சதக் கலப்பும் கிடைக்க வேண்டும் என்று சிபார்சு செய்ததும் அதே அறிக்கைதான். எத்தனாலின் கொள்முதல் விலை பெட்ரோலின் விலையைத் தாண்டிவிட்டதென 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய இலாகா சமாதானம் சொல்லிற்று. அது வண்டிக்காரன் செய்த குற்றமா? அந்நியச் செலாவணி லாபம் தேசத்திற்கு என்றால், நஷ்டமும் தேசத்தின் கணக்கிலேயே ஏற வேண்டும். வரியில் ஒரு பகுதியைத் தள்ளி விலையைக் குறைக்கட்டும். இல்லையேல் பம்புகளில் 10 சதக் கலப்பையும் வைக்கட்டும்.