கடைசிப் பக்கம் இல்லாத நாவல்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, சாவகச்சேரியில் நாம் வழமையாகப் பத்திரிகை பார்க்கச் செல்லும் வாசிகசாலையில் ஒரு சிறு பூசல் நிகழ்ந்தது. உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவில் பயிலும் மாணவர் ஒருவர், இரவல் பெற்ற விஞ்ஞான மர்ம நாவலொன்றை மேசைமீது பொத்தென்று போட்டார். "முந்நூறு பக்கம் வாசிச்சன். கடைசியிலை விஞ்ஞானி ஒரு புதுக் கதிர்வீச்சைக் கண்டுபிடிச்சு எல்லாரையும் காப்பாத்திப்போட்டார். அதை முதலாம் பக்கத்திலையே கண்டுபிடிச்சிருந்தா என்ரை ரெண்டு இரவு மிஞ்சியிருக்கும்!" என்றார். அங்கிருந்த பெரியவர்கள் நகைத்தனர். நமக்கோ அவருடைய கோபம் மிக நியாயமானதாகவே தோன்றியது.

இதே மாணவர் தம் பாட்டியார் கூறும் புளியமரத்துப் பேய்க் கதையை ஒரு முணுமுணுப்புமின்றிக் கேட்பவர். பேய் சுவரை ஊடுருவி வந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. விஞ்ஞானி வந்தால் மட்டும் ஆட்சேபம். காரணம் வெளிப்படை. பேய்க் கதை நமக்கு எவ்வித வாக்குறுதியும் தருவதில்லை. விஞ்ஞான மர்ம நாவலோ, "உமது பாடப்புத்தகத்தில் உள்ள விதிகளே இங்கும் செல்லும், முடிந்தால் எமக்கு முன்னே விடையைக் கண்டுபிடியும்" என்று அழைத்துவிட்டே தொடங்குகிறது. கிளித்தட்டு விளையாட்டில் மறிப்பவன் கோட்டைவிட்டு ஓடிவந்து தொட்டால் யார்தாம் பொறுப்பர்? அத்தகைய கோபமே அந்த மாணவருடையது.

இவ்விடத்தில் நமது பழைய நினைவொன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதியும் அதனை அடுத்த நாட்களும் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்து வந்த கதையை இப்பகுதி வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நமது வீட்டிலும் நான்கு குடும்பங்கள் தங்கின. அவர்களுள் ஒருவர் பௌதிக ஆசிரியர். நாம் அனைவரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தோம். அவர் கொணர்ந்த பையில் மாற்று வேட்டி இரண்டும், மடக்கைவாய்பாடு ஒன்றும், ஒரு தொடர்கதைத் தொகுதியும் இருந்தன. வார இதழின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலாற் கட்டி, பழுப்புத்தாள் அட்டை போட்ட தொகுதி அது. சுஜாதா 1980களின் தொடக்கத்திற் 'குமுத'த்தில் எழுதிய 'கொலையுதிர் காலம்'.

இரவில் ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஒருவர் வாசிக்க ஏனையோர் கேட்டோம். பழைய மாளிகை, சொத்துக்கு உரியவளான இளம்பெண், இருளில் தோன்றும் ஓர் உருவம், கொலைகள். துப்புத் துலக்க வழக்கறிஞர் கணேஷும் அவருடைய துடுக்கான துணைவர் வசந்தும். இது ஆவியின் செயலா, அன்றி லேசர் ஒளியால் ஆக்கிய ஹோலோகிராம் என்னும் மாயத்தோற்றமா? சுஜாதா என்று பெயர்பெற்ற ரங்கராஜன் மின்னணுவியற் பொறியியலாளர் ஆதலின், இரு தட்டையும் சமநிலையில் வைத்து நம்மை அலைக்கழிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயின், கதை முற்றும் கட்டத்தை நெருங்கியபோது தொகுதி முடிந்துவிட்டது. கடைசிச் சில வாரங்களின் பக்கங்கள் இல்லை! எங்கே போயின என்பது மாஸ்டருக்கே தெரியவில்லை.

அவ்வேளையில் நமக்கிருந்த கவலைகள் வேறு. எனினும் அந்த வீட்டில் ஏறத்தாழ இரு வாரங்கள் அக்கதையின் முடிவைப் பற்றியே பேச்சாயிருந்தது. மாஸ்டர் ஒரு கொப்பித் தாளை எடுத்து விளக்கினார். சாதாரண நிழற்படம் ஒளியின் செறிவை மாத்திரம் பதிகிறது. டெனிஸ் கேபர் 1947இற் கண்ட முறையோ ஒளியலையின் கட்டத்தையும் சேர்த்துப் பதிகிறது. அதற்காகவே அவருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் லேசர் தோன்றிய பின்னரே இம்முறை முழுப் பயன் தந்தது. ஒரே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளிற் பட்டுத் தெறிக்கவிட்டு, மற்றதை நேரே தட்டில் வீழ்த்தினால், இரண்டும் தலையிட்டு மிக நுண்ணிய கோலமொன்றைத் தட்டில் உண்டாக்கும். அத்தட்டை மீண்டும் தக்க ஒளியில் வைத்துப் பார்ப்பவருக்குப் பொருள் முப்பரிமாணத்தில் நிற்பது போலத் தோன்றும்.

"ஆனா ஒண்டு," என்றார் மாஸ்டர். "அது யன்னல் மாதிரி. தட்டுக்கு ஊடாகப் பாத்தால்தான் தெரியும். வெறும் வெளியிலை, எந்தப் பக்கத்திலை நிண்டு பாத்தாலும் தெரியிற மாதிரி நிக்காது. அப்ப இந்த மாளிகையிலை தட்டு எங்கை?" உடனே மாளிகையின் வரைபடமொன்று தயாராயிற்று. ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் தட்டை ஒளித்தனர். அப்போது வலிகாமத்திலிருந்து வந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வியை நாம் மறக்கவே மாட்டோம். "மாஸ்டர், லேசருக்குக் கரண்ட் எங்கையிருந்து?"

இக்கேள்வி எம் ஊர்ப் பிள்ளைக்கே தோன்றும். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்பதற்கு ஒருவர் துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்து மிதிக்க, டைனமோவினால் வானொலி பாடும். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் ஓய்வார். இவ்வாறு வளர்ந்த பிள்ளையிடம், வலு எங்கிருந்து வருகிறது என்று கூறாமல் எந்த இயந்திரத்தையும் விற்றுவிட முடியாது.

இங்கேதான் விஞ்ஞான மர்ம நாவலின் இன்பம் எதுவென்பது நமக்கு விளங்கிற்று. மாஸ்டரின் ஆட்சேபமும் சிறுவனின் ஆட்சேபமும் கதையைக் கொல்லவில்லை, அவையே கதையாயின. நாம் வாதிடுவதற்குப் போதிய செய்திகளை ஆசிரியர் முன்கூட்டியே மேசைமேற் பரப்பியிருந்தார். வாசிகசாலை மாணவரின் நாவலிலோ வாதிடுவதற்கு ஏதுமில்லை. கதிர்வீச்சு வந்தது, கதை முடிந்தது. அங்கே விஞ்ஞானம் கதாநாயகனை இடர்ப்படுத்தவில்லை. கதாசிரியரை இடரிலிருந்து மீட்டது.

ஒரு பொய்யும் சொல்லலாகாது என்பது நமது கட்சியன்று. எச். ஜி. வெல்ஸ் 1897இல் வெளியிட்ட 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' முழுவதும் ஒரு பெரும் பொய்யின்மேல் நிற்கிறது. ஆனால் அப்பொய்யைத் தொடக்கத்திற் கூறிவிட்டு, பின்னர் அதற்குரிய விலையைக் கதாநாயகனிடமே அவர் ஈவிரக்கமின்றி அறவிடுகிறார். உடுத்தால் உடை தெரியும். ஆகவே குளிரிலும் வெற்றுடம்பாய்த் திரியவேண்டும். உண்ட உணவு உடம்போடு சேரும்வரை வயிற்றில் தெரியும். பனியில் நடந்தால் அடிச்சுவடு காட்டிக்கொடுக்கும். கண்ணும் ஒளிபுகுவதாயின் விழித்திரையில் ஒளி தங்காது, அவன் குருடனாகவன்றோ இருப்பான் என்று பின்வந்தோர் குறை கண்டனர். குறை உண்மையே. எனினும் நாம் வெல்ஸை வெறுப்பதில்லை. ஜூல் வேர்ண் 1865இற் பீரங்கியாற் சந்திரனுக்கு ஆள் அனுப்பினார். 900 அடிக் குழலுக்குள் அவ்வேகம் பெறுவதானால், உள்ளிருப்போர் புவியீர்ப்பின் 20,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நசுங்குவர். அவரும் அதனை ஓரளவு உணர்ந்து தண்ணீர் மெத்தை அமைத்துப் பார்த்தார், பாவம்.

அண்மைக்கால நாவல்களில் நம்மை மெத்தச் சலிப்படையச் செய்வது பிறிதொன்று. ஓடுகிற கதாநாயகன் திடீரென நின்று, மூன்று பக்கம் மரபணுப் பாடம் நடத்துவான். பின்னாற் துரத்துபவனும் பாடம் முடியும்வரை மரியாதையாகக் காத்திருப்பான்!

நமது நாட்டோடு தொடர்புள்ள நல்லுதாரணம் ஒன்றைக் கூறுவோம். 1956 முதல் 2008இற் காலமாகும்வரை இலங்கையிலே வாழ்ந்த ஆதர் சி. கிளாக், 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' எனப் பொருள்படும் ஆங்கில நாவலை வெளியிட்டார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு தூக்கி அமைப்பதே கதை. பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதி நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில் மாத்திரமே அசையாதது போல் நிற்கும். ஆகவே தூக்கியின் அடியும் நிலநடுக்கோட்டில் அமைவதே தகும். இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. கிளாக் என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயரிட்டார். சிவனொளிபாதமலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். செய்ததை மறைக்காமல் நூலின் பிற்குறிப்பில் ஒப்புக்கொண்டும் உள்ளார். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று கணக்கிட்டால் நமது சாவகச்சேரியும் ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் வந்து நிற்கும். விதியை வளைக்க மனமின்றி ஒரு நாட்டை நகர்த்திய எழுத்தாளரை நாம் வேறு கண்டதில்லை.

அந்நாவலின் உச்சக்கட்டத்திற் கொடியவன் எவனும் இல்லை. அரைகுறையாய் முடிந்த கோபுரத்தின் மேலே சிலர் சிக்கிக்கொள்கின்றனர், மூச்சுக்காற்றுக் குறைகிறது. உதவி கொண்டு ஏறும் சிறு வாகனம், உதறிவிடவேண்டிய பற்றரிச் சுமை கழலாமையால் இடைவழியில் நின்றுவிடுகிறது. சுமை இவ்வளவு, மிஞ்சிய வலு இவ்வளவு, இன்னும் ஏறவேண்டிய தூரம் இவ்வளவு. வாசகர் விரல்விட்டு எண்ணலாம். எண்ண முடிவதனாலேயே நெஞ்சு படபடக்கிறது. டைனமோ மிதித்த ஊருக்கு இதன் சுவையைக் கற்பிக்க வேண்டுமா?

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்குள் மாஸ்டர் குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார். தொகுதியும் அவரோடு போயிற்று. அதன்பின் அவரை நாம் காணவில்லை. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரே அழிந்தபோது நமது வீட்டுக் கூரையும் போயிற்று. மாளிகையின் வரைபடம் வரைந்த கொப்பித் தாள் மாத்திரம், பிறப்புச் சான்றிதழ்ப் பையினுள் மடிந்திருந்து தப்பியது.

2002இற் கண்டி வீதி திறந்ததும் அந்தச் சிறுவன், இப்போது இளைஞன், கொழும்பிலிருந்து 'கொலையுதிர் கால'த்தின் முழுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தான். கூரையில்லாத விறாந்தையிலிருந்து இருவரும் கடைசிப் பகுதியை வாசித்தோம். விஞ்ஞான விளக்கத்தைத் தந்த பிறகும் ஆசிரியர் ஐயத்தின் ஓரிழையை அறுக்காமலே விட்டிருந்தார். சற்று ஏமாற்றமாயும் இருந்தது. மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"மாமா, மாஸ்டர் தட்டை எங்கை வைச்சவர்?" என்று கேட்டான். பையைத் திறந்து தாளை விரித்தோம். கிழக்குச் சுவரின் யன்னலிற் பென்சிலால் ஒரு கட்டம் கீறி, அதனருகே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார்.