ஆறு வயதுக்குப் பின் யார் துணை?

குழந்தைகளுக்கு மனத்திடம் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். தோல்வியைத் தாங்கு, ஏமாற்றத்தைப் பொறு என்று அறிவுரைகள் பெருகிவிட்டன. அந்தக் குழந்தை பள்ளி விட்டபின் யாரோடு இருக்கிறது என்று கேட்பார் அரியர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் இதற்கு விடை சொல்வது எளிதன்று. காலணித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் காலையிலேயே சிற்றூர்களுக்கு வந்து பெண்களை ஏற்றிச் செல்கின்றன. அவர்கள் வீடு திரும்புமுன் பள்ளி விட்டுவிடுகிறது. ஆலைக்குச் செல்லாத தாய்மாருள் பலர் காலணியின் மேற்பாகத்தை வீட்டிலேயே கையால் தைக்கின்றனர். இணைக்கு இவ்வளவு என்பதே கூலி. ஊசி நின்றால் வருவாயும் நிற்கும். தாய் கண்ணெதிரேதான் இருக்கிறாள். ஆயினும் வகுப்பில் நேர்ந்த அவமானத்தை அமர்ந்து கேட்க அவளுக்குப் பொழுதில்லை. இதனைத் தாயின் குறை என்போர் அக்கூலியில் ஒரு திங்கள் குடும்பம் நடத்திக் காட்டட்டும்.

ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலறிஞர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பப் பூசலும் சூழ வளர்ந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் நன்னிலையில் தலையெடுத்தனர். அவர்களைத் தாங்கியவற்றுள் முதன்மையானது, நிலையான அன்புடைய ஒரு பெரியவரின் துணை. அவர் பாட்டியாகவோ ஆசிரியராகவோகூட இருக்கலாம். நமக்கு இது புதிதன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு உறவினரும் உடன் தங்குவதை நெடுங்காலமாகவே மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கொண்டுள்ளது.

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் ஆறு வயதோடு நின்றுவிட்டது. ஏழு வயதுக் குழந்தைக்கு அச்சமும் தனிமையும் இரா என்று எண்ணினார்கள் போலும்! வீட்டிலிருந்து தைப்போரின் குழந்தைகளுக்கோ அந்தக் காப்பகமும் இல்லை.

2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, மாலை வேளையில் வீட்டருகே ஒரு தன்னார்வலர் குழந்தைகளோடு அமர முடியும் என்பதைத் தமிழகத்துக்குக் காட்டியது. பாடத்துக்காக ஏற்பட்ட அவ்வேற்பாட்டைத் தோல் தொழில் ஊர்களில் தாய் வரும்வரை நீட்டித்து, பேசவும் விளையாடவும் இடமளித்து, உரிய ஊதியமும் பயிற்சியும் பெற்ற ஒருவரை அங்கே நிலையாக அமர்த்துக என்கிறோம்.

செலவை ஏற்றுமதி நிறுவனங்களும் அரசும் பகிர்ந்து ஏற்க வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது, தோல் ஆலைக் கழிவு பற்றிய இவ்வட்டாரத்து வழக்கில்தான். அதன்பின்னும் பாலாற்றுக்காக 2025 சனவரியில் அது மறுபடியும் ஆணையிட நேர்ந்தது. பொறுப்பை நெறியாகச் சொன்னால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும். ஆகவே வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை ஆட்சியர்கள் தொழிலதிபர்களை அழைத்துப் பேசும்போது, யார் எவ்வளவு தருவது என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் வாங்கிவிடுவது நன்று.