நிறுத்தற் கடிகாரத்துக்கு நிறமில்லையாம்!

நாற்பது யார் தூரத்தை ஓர் இளைஞன் எத்தனை செக்கனில் ஓடுகின்றான் என்பதையே தாம் பார்ப்பதாகவும், அவனது தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை என்றும் அமெரிக்க உதைபந்தாட்டக் குழுக்களின் ஆள்தேர்வோர் சாதிக்கின்றனர். (பெயர்தான் உதைபந்தாட்டம், பந்து காலிற் படுவதிலும் கையில் இருப்பதே அதிகம்.) 1987 தொடக்கம் இண்டியானாபொலிஸ் நகரிலே இளைஞரை நிறுத்தும், அளந்தும், பாயவிட்டும் பார்க்கிறார்கள். 225 இறாத்தல் பாரத்தை எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அளப்பது கருவிதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அளவுக்குப் பொருள் கூறுவதும் கருவியா?

பந்தை ஏந்தி எதிரணியைப் பிளந்து ஓடுபவனை ‘ரன்னிங் பேக்’ என்பர். 2017ஆம் ஆண்டுத் தெரிவில் அந்நிலைக்கு முன்னின்றோருள் இருவர் லெனார்ட் போர்னெற் என்ற கறுப்பரும், கிறிஸ்டியன் மக்காஃப்ரி என்ற வெள்ளையரும் ஆவர். 240 இறாத்தல் நிறையுள்ள போர்னெற் 4.51 செக்கனில் ஓடினார். 202 இறாத்தல் நிறையுள்ள மக்காஃப்ரி 4.48 செக்கனில் ஓடினார். மக்காஃப்ரி 2015இல் பல வகையாலும் 3,864 யார் ஈட்டி, பரி சாண்டர்ஸ் 1988இல் நாட்டிய சாதனையை முறியடித்தவர். போர்னெற் நான்காவதாகவும் மக்காஃப்ரி எட்டாவதாகவும் தெரிவாகினர். 2010இல் டோபி கெர்ஹார்ட் என்ற வெள்ளையர் 51ஆவதாகத் தெரிவானார். முந்திய ஆண்டு 1,871 யார் ஓடி நாட்டிலேயே முதலாவதாக நின்றவர் அவர். ஹைஸ்மன் விருதை வெறும் 28 புள்ளிகளால் இழந்தவர்.

இவற்றைக் கையிலெடுத்துக்கொண்டு, “பார்த்தீர்களா, ஒதுக்கப்படுபவன் வெள்ளையனே!” என்று கூச்சலிடும் ஒரு சாரார் அங்கு உண்டு. 1985இல் கிரெய்க் ஜேம்ஸ், அதன்பின் 2010இல் பேட்டன் ஹில்லிஸ்: இடைப்பட்ட காலத்தில் எந்த வெள்ளை ரன்னிங் பேக்கும் ஒரு பருவத்தில் ஆயிரம் யாரைத் தாண்டவில்லை என்றும் கணக்குக் காட்டுவர். எட்டாமிடம் ஒன்றும் அவமானமன்று. 240 இறாத்தல் உடம்பு அவ்வளவு விரைந்து ஓடுவது அதிசயமே. கெர்ஹார்ட்டும் பின்னாளில் பெரிதாகச் சோபிக்கவில்லை. எனினும் வெள்ளை இளைஞனைச் சந்தேகக் கண்கொண்டு பார்த்தார்கள் என்பதை முற்றாக மறுக்க நாம் முன்வரமாட்டோம். அதனை மறுக்கும் நம் முற்போக்கு நண்பர்கள் அவசரப்படுகின்றனர் என்றே கூறுவோம். ஆனால் அச்சந்தேகத்தின் ஊற்றுக்கண் எங்கே?

ஆள்தேர்வோரின் சொற்களைக் கவனியுங்கள். வெள்ளை ஓட்டக்காரன் ‘உழைப்பாளி’, ‘ஆட்டமறிந்தவன்’. கறுப்பு ஓட்டக்காரனோ ‘பிறவி ஆற்றல்’ உடையவன். தேர்ச்சி அறிக்கையில் நாம் எழுதினால் பாராட்டாகும் சொல், இங்கே உழைப்பைத் திருடும் சொல்லாகிறது. பந்து நகருமுன் எதிரணியில் எவன் பாய்ந்து வருவான் என ஊகித்து அவனை மறிக்க வேண்டியவனும் ரன்னிங் பேக்கே. அது தலையின் வேலையல்லவா? மூளை வெள்ளையனுக்கு, தசை கறுப்பனுக்கு என்று பங்கு பிரித்த பழைய பண்ணை முதலாளியின் தத்துவமே மக்காஃப்ரியையும் சந்தேகித்தது. வெள்ளையனிடம் அதன் செலவு சில இடங்கள் பின்தள்ளப்பட்டமையே. கறுப்பனிடமோ?

ஆட்டத்தை நெறிப்படுத்தும் ‘குவார்ட்டர்பேக்’ நிலையைப் பாருங்கள். வாரன் மூனை 1978இல் எக்குழுவும் தெரியவில்லை. அவர் கனடாவுக்குச் சென்று ஐந்து கிண்ணங்களைத் தொடர்ந்து வென்றார். லமார் ஜாக்சனை, பந்தைப் பிடிப்பவனாக மாறுவதே நலம் என்றார் பில் போலியன் என்ற மூத்த நிர்வாகி. பின்னர் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார். 2018இல் நான்கு குவார்ட்டர்பேக்குகளுக்குப் பின், 32ஆவதாகத் தெரிவான அதே ஜாக்சன், 2019ஆம் ஆண்டின் மிகச் சிறந்த வீரராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதுவும் போகட்டும். தலையில் அடிபட்டு மூளை சிதைந்த ஓய்வுபெற்ற வீரருக்கு நட்டஈடு வழங்க, போட்டிகளை நடத்தும் என்.எப்.எல். நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. மறதிநோய் உண்டா என்று அறிய நடத்திய பரிசோதனையில், கறுப்பரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே தாழ்ந்திருந்தது எனக் கொண்டு புள்ளிகளைத் திருத்தும் முறை கையாளப்பட்டது. ஆகவே வெள்ளையரிலும் கூடுதலாகச் சிதைந்திருந்தாலன்றிக் கறுப்பருக்குப் பணமில்லை! களத்திலே ‘பிறவி ஆற்றல்’ என்று புகழ்ந்த வாய், கணக்குப் புத்தகத்திலே ‘பிறவிக் குறை’ என்று எழுதியது. 2020இல் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்த இருவருள் ஒருவரான நஜே டாவென்போர்ட், ரன்னிங் பேக்காக ஓடியவர். 2021 ஜூனில் அம்முறையைக் கைவிடுவதாக என்.எப்.எல். வாக்களித்தது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் அம்மாற்றத்தை அங்கீகரித்த பின்னரே, அந்த மனிதர்களின் பரிசோதனைத் தாள்களைத் தோலின் நிறம் பாராது மீண்டும் திருத்த வழி பிறந்தது.