மருமகனுக்கு வந்த சுவிஃப்ட் – ஓட்டிப் பார்த்த பிறகு எங்கள் கருத்து



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு வாகனம் எடுத்துக் கொடுக்க நினைக்கிற வாப்பாமார், குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்கள், நேரம் எடுத்து வாசியுங்கள்.

கட்டாரில் இருக்கும் எங்கள் மச்சான் சென்ற மாதம் ஒரு சுசுகி சுவிஃப்ட் வாங்கினார். 2017ஆம் ஆண்டு ஜப்பான் தயாரிப்பு, ஆர்.எஸ்.டி. என்று சொல்வார்களே, அந்த ரேபோ வகை. மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான், 19 வயது, லைசன்சும் கையில். மச்சான் எங்களுக்கு வொய்ஸ் போட்டிருந்தார். "நீங்க ரெண்டு பேரும் படிப்பிக்கிற ஆக்கள். ஒரு கிழமை வெச்சி ஓட்டிப் பாத்திட்டுச் செல்லுங்க, மகன்ட கையில குடுக்கலாமா?"

சாதாரணமாக இப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "குடுங்க, வாலிபப் பிள்ளைதானே." மற்றது, "பைத்தியமா? அவனுக்கு ஒரு பழைய அல்டோ போதும்." ஓட்டிப் பார்க்கும் வரைக்கும் நாங்களும் இரண்டாவது கட்சிதான். இப்போது இரண்டிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் வாகனம். எங்களிடம் இருப்பது 800 சிசி அல்டோ. இன்னும் தவணை முடியவில்லை. அதில் இருந்து இறங்கி இதில் ஏறியது, ஓட்டு வீட்டில் இருந்து மாடி வீட்டுக்குப் போனது போல இருக்கும் என்று நினைத்தோம். அப்படி இல்லை. உள்ளே ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. பிளாஸ்டிக்கைத் தட்டினால் தட்டின சத்தம்தான் வரும். பின்சீற்றில் இருந்த உம்மா பத்து நிமிடத்தில் "இதென்ன மனே, பலகையில இருக்கிற மாதிரி" என்றார். பின்கதவின் கைபிடி ஜன்னலுக்குப் பக்கத்தில் மேலே ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறது, எங்கள் சின்ன மகளுக்கு எட்டவே இல்லை. டிக்கி 265 லீற்றர். கல்யாண வீட்டுக்குப் போகிற குடும்பத்தின் பைகளுக்குப் போதாது, ஒரு பையை மடியில்தான் வைத்துக்கொண்டு போனோம்.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு கதை வேறு.

எஞ்சின் 996 சிசி, மூன்று சிலிண்டர். 1000 சிசியைத் தாண்டாததால்தான் அந்தக் காலத்தில் வரி குறைந்த வரிசையில் இது இலங்கைக்குள் இவ்வளவு வந்தது. அளவு சின்னது, ஆனால் ரேபோ இருப்பதால் 102 குதிரை வலு. அதைவிட முக்கியம் இழுவை. 150 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை 1700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. எங்கள் அல்டோவில் 69தான், அதுவும் 3500 சுற்றுக்கு எஞ்சினைக் கத்த வைத்தால். வாகனத்தின் எடையோ 930 கிலோ. இவ்வளவு இலேசான உடம்பில் இவ்வளவு இழுவை இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிய, பாடப்புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை. காலை வைத்தாலே தெரியும்.

அக்குறணையில் ஒரு கல்யாணம் இருந்தது. அக்கரைப்பற்றில் சுபஹுக்குப் பிறகு புறப்பட்டு அம்பாறை, உகன, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போனோம். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், ஹசலக்கையைத் தாண்டியதும் பதினெட்டு வளைவு. (வீதியை அகலமாக்கியபோது ஒரு வளைவு குறைந்து 17 ஆகிவிட்டது. பெயர் மட்டும் 18 ஆகவே இருக்கிறது.) அல்டோவில் அந்த ஏற்றம் எப்படி என்றால், ஏசியை நிறுத்தி, இரண்டாம் கியர், ஒன்றாம் கியர், பின்னால் வருகிற லொறிக்காரனின் ஹோர்ன், எங்கள் வாயில் திக்ரு. இதில் ஏசி போட்டபடி ஐந்து பேரும் கதைத்துக்கொண்டே ஏறினோம். ஆறு கியர் ஓட்டோ. வெகன் ஆரில் உள்ளது போல இழுத்து இழுத்து ஊளையிடுகிற சிவிடி இல்லை, சரியான கியர்ப் பெட்டி. வளைவுக்கு முன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள தட்டை ஒரு விரலால் தட்டினால் கியர் குறைகிறது. வாகனம் வளைவில் சாயாமல், சொன்ன இடத்துக்குப் போகிறது. ஜப்பானில் இந்த வகைக்கு ஐரோப்பிய ஓட்டத்துக்கு ஏற்றபடி சொக்ஸை இறுக்கி இருக்கிறார்கள். உம்மாவின் இடுப்பு வலிக்கும் வளைவில் வந்த நம்பிக்கைக்கும் காரணம் ஒன்றுதான்.

மேலே ஹுன்னஸ்கிரியவில் தேநீருக்கு நிறுத்தினோம். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நடுவயதுக்குப் போகிற இரண்டு ஆசிரியர்கள், மாணவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. "பெடியன்கள் ஏன்தான் இந்த வாகனத்துக்கு அலைகிறார்களோ" என்று வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்போம்! இனிச் சொல்ல மாட்டோம். எங்களுக்கு விளங்கிவிட்டது.

இறங்குமுகத்தில், தெல்தெனியவுக்குப் போகும் வழியில்தான் விஷயம் பிடிபட்டது. சும்மா கதைத்துக்கொண்டு போகிறோம். மீற்றரைப் பார்த்தால் 82. ஓட்டியவருக்கு 55, 60 என்றுதான் நினைப்பு. அல்டோவில் 80 என்றால் கண்ணாடி நடுங்கும், காற்றுச் சத்தம் காதைப் பிய்க்கும், எஞ்சின் அழும், உம்மா "மெல்ல" என்பார். வாகனமே எச்சரிக்கும். இதில் அந்த எச்சரிக்கை ஒன்றுமே இல்லை. உம்மாவும் நித்திரை.

மச்சானுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்று அந்த இடத்திலேயே பேசிக்கொண்டோம். ஆபத்து இந்த வாகனம் வேகமாகப் போவதில் இல்லை. வேகமாகப் போவது தெரியாமல் போவதில்.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர், ஆகவே கணக்கையும் பார்த்துவிடுவோம். ஊர்களுக்குள் சட்டப்படி 50. முன்னால் ஒரு பிள்ளை பாய்கிறது. பார்த்து, காலை பிரேக்கில் வைக்க ஒரு செக்கன் என்று வையுங்கள். அதற்குள் 14 மீற்றர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த வீதி என்றால் இன்னும் 14 மீற்றரில் வாகனம் நிற்கும். மொத்தம் 28. அதே இடத்தில் 80இல் வந்தால்? அந்த ஒரு செக்கனிலேயே 22 மீற்றர் போய்விட்டது. பிரேக் பிடிக்க மிச்சம் இருப்பது 6 மீற்றர். 50இல் வந்தவர் நிற்கிற அந்த 28ஆவது மீற்றரில், 80இல் வந்தவர் இன்னும் 70க்கு மேல் வேகத்தில் இருக்கிறார். 30 கூடினால் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று பெடியன்கள் நினைக்கிறார்கள். நிற்காது. அடிக்கும். மாணவர்களுக்கு இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று எழுதிப் போடுகிறோம், அவர்களும் பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள்.

எங்கள் கரையோர வீதியை நினைத்துப் பாருங்கள். அக்கரைப்பற்றில் இருந்து கல்முனை வரை இடைவெளி இல்லாமல் ஊர். பள்ளிவாசல், பாடசாலை, கடை, மாடு, ஓட்டோ, மதரசா விட்டு வருகிற பிள்ளைகள். இஷாவுக்குப் பிறகு அதே வீதியில்தான் சத்தம் கேட்கிறது. எங்களிடம் படித்த ஒரு பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஓர் இரவில் விழுந்து, இன்றைக்கும் கைத்தடியோடு நடக்கிறான். அவன் ஓட்டவில்லை, பின்சீற்றில் இருந்தான். பெல்ட் போடவில்லை. இதற்கு மேல் அவன் கதையை இங்கே எழுத எங்களுக்கு உரிமை இல்லை.

"அப்போ அல்டோவையே குடுத்திரலாமே?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. நாங்களும் அங்கேதான் போய் நின்றோம். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தியத் தயாரிப்பு அல்டோ 800ஐ 2014இல் குளோபல் என்கெப் மோதிப் பார்த்தபோது கிடைத்தது பூச்சியம் நட்சத்திரம். எயார்பேக் இல்லாத வகை. இந்த வடிவ சுவிஃப்ட்டிலும் இந்தியத் தயாரிப்புக்கு 2018இல் இரண்டு நட்சத்திரம்தான். ஐரோப்பாவுக்குப் போன சுவிஃப்ட்டுக்கு 2017இல் யூரோ என்கெப் மூன்று கொடுத்தது, மேலதிகப் பாதுகாப்புச் சாதனங்கள் பூட்டியதற்கு நான்கு. இரண்டு அமைப்பின் அளவுகோலும் ஒன்றில்லை, அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் மெதுவாகப் போகிற வாகனம் என்பதற்காக அது பாதுகாப்பான வாகனம் ஆகிவிடாது. எதிரே வருகிற பஸ்ஸுக்கு உங்கள் மகன் மெதுவாக ஓட்டுகிறானா என்பது தெரியாது. பைக் வாங்கிக் கொடுத்து, "கார் ஆபத்து, அதனால்தான் பைக்" என்று சொல்லும் வாப்பாமாரைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னும் சில விஷயம், வாங்க நினைப்பவர்களுக்கு.

ஜப்பான் சுவிஃப்ட்டின் நிலத்துக்கும் வயிற்றுக்கும் இடைவெளி 120 மில்லிமீற்றர் மட்டும். ஐந்து பேரோடு எங்கள் ஒழுங்கையில் உள்ள மேட்டில் ஒவ்வொரு நாளும் உரசியது. இந்த லட்சணத்தில் ஸ்பிரிங்கை வெட்டி இன்னும் பதிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்ல. ரேபோ என்றால் 95தான் அடிக்க வேண்டும் என்று விற்றவர் சொன்னாராம். ஜப்பானில் இந்த எஞ்சினைச் சாதாரணப் பெற்றோலுக்கென்றே செய்திருக்கிறார்கள், 92 தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசில் எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், ரேபோவுக்கு அதுதான் உயிர். கண்டிப் பயணத்தில் லீற்றருக்கு 17 கிலோமீற்றர் அளவு ஓடியது, ஊருக்குள் 12ஐத் தாண்டவில்லை. மீற்றரைச் சுற்றுவது நம் நாட்டில் தொழில் மாதிரி ஆகிவிட்டது, ஜப்பான் ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ரயரையும் பாருங்கள். பள்ளம் எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்தால் 3117, அதாவது 2017ஆம் ஆண்டு 31ஆவது கிழமை. ஓடாமல் நின்று கல்லாகிப் போன ரயர். மழையில் இதைவிட வழுக்கும் பொருள் இல்லை. பளபளவென்று பொலிஷ் போட்டுக் கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை.

விலையைப் பற்றி என்ன சொல்ல? இது "கையடக்க விலைக்கு ஸ்போர்ட்ஸ் கார்" என்று பெயர் எடுத்த வாகனம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்ற பிறகு இருந்தது எல்லாம் தங்கம் ஆயிற்று. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் பழைய விலை கனவுதான். வந்த நாளில் விற்ற விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்துத்தான் மச்சானும் எட்டு வருடப் பழசை எடுத்திருக்கிறார். பாலைவன வெயிலில் நின்று உழைத்த காசு. இந்த வாகனத்தை எங்கள் சம்பளத்தில் லீசிங்குக்கு எடுப்போமா என்று நாங்களும் ஓர் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம், மறைக்கத் தேவையில்லை. விடிந்ததும் அல்டோவைக் கழுவினோம்.

மச்சானுக்கு நாங்கள் அனுப்பிய பதில்: வாகனம் நல்லது, விற்க வேண்டாம். மகனுக்குக் கொடுங்கள், ஆனால் இப்போதே சாவியை அவன் பொக்கற்றில் போட வேண்டாம். முதலில் நான்கு ரயரும் மாற்ற வேண்டும். ஆறு மாதம் எங்களில் ஒருவர் பக்கத்தில் இருக்காமல் ஓடக் கூடாது. மஹ்ரிபுக்குப் பிறகு சாவி எங்கள் வீட்டில். கூட்டாளிமாரை ஏற்றுவது பிறகு பார்ப்போம். சைலன்சரில் கை வைத்தால் கதை முடிந்தது.

மச்சானுக்குக் கொஞ்சம் கோபம். "நான் ஒங்களுட்ட வாகனத்தப் பத்தித்தானே கேட்ட, மகனப் பத்தியா?" என்றார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் ரயருக்குக் காசு போட்டிருந்தார்.

மருமகன் எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை என்பதும் உண்மை. போன சனிக்கிழமை முதல்தரம் அவனை ஓட்டவிட்டு அம்பாறைக்குப் போய் வந்தோம். நன்றாக ஓட்டுகிறான், கை நிதானம். வயல் வெளிக்கு வந்ததும் வீதி நேரானது. பக்கத்தில் இருந்தவர் மீற்றரைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்ப எவ்வளவில போறாய், செல்லு?" என்று கேட்டார்.

"ஐம்பத்தஞ்சி இருக்கும் மாமா."

கையை எடுத்தால் 76.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தானாகவே காலை எடுத்தான். வரும் சனிக்கிழமை திரும்பவும் போகிறோம், இன்ஷா அல்லாஹ். இந்தத் தரம் அவன் ஓட்ட, மீற்றரை மறைப்பது அவனுடைய உம்மா.