'வெரி யுனிக்' என்று எழுதலாமா?

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் அடிக்கடி தட்டுப்படும் வாக்கியம் இது: 'ஐ ஹேவ் எ வெரி யுனிக் ஸ்கில்.' எழுதுபவர் தன் திறமையைத் தூக்கிக் காட்டத்தான் 'வெரி' போடுகிறார். ஆனால், படிக்கும் அதிகாரி ஆங்கிலத்தில் கறாரானவர் என்றால் அவர் கண் அந்த 'வெரி'யில்தான் போய் நிற்கும்.

'யுனிக்' என்றால் அதைப்போல இன்னொன்று இல்லை என்று பொருள். 'ஒன்று' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ஒன்றே ஒன்றுதான் என்றான பிறகு, அதில் கொஞ்சம் என்ன, ரொம்ப என்ன? 'டெட்', 'இம்பாசிபிள்', 'பெர்ஃபெக்ட்' எல்லாம் இதே ரகம். (பேச்சில் 'வெரி ப்ரெக்னண்ட்' என்பார்கள். நிறைமாதம் என்று அர்த்தம்!) 'ஆல்மோஸ்ட் யுனிக்', 'நியர்லி பெர்ஃபெக்ட்' என்றால் தவறில்லை, கிட்டத்தட்ட அந்த நிலை என்றுதானே சொல்கிறோம்.

தமிழில் 'ரொம்பப் பிரமாதம்' சகஜம். அதே பழக்கத்தில் 'வெரி எக்ஸலண்ட்' வந்துவிடுகிறது. 'எக்ஸலண்ட்', 'எக்ஸாஸ்டட்', 'ஃப்ரீஸிங்' போன்ற சொற்களுக்குள் 'வெரி' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இவற்றுக்கு 'அப்ஸல்யூட்லி' போடுங்கள். குழப்பமாக இருந்தால் 'ரியலி'. அது எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

நிஜமான கண்ணி 'க்வைட்'. 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் அறவே முடியாது. 'க்வைட் குட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை' ரகம்தான். அமெரிக்கர் சொன்னால் நிஜமான பாராட்டு. உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு லண்டன் மேனேஜர் 'க்வைட் குட்' என்று மெயில் போட்டால், ஸ்வீட் வாங்க ஓடாதீர்கள்!

'1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட்' இருக்கிறதே' என்று சிலர் மடக்குவார்கள். இருக்கிறது. மாநிலங்கள் அதற்கு முன் தளர்வாகத்தான் பிணைந்திருந்தன. அதைவிட நிறைவான ஒன்றியம் என்பது அங்கே பொருள். 'யுனிக்' என்பதற்கு 'வழக்கத்துக்கு மாறான' என்ற பொருளையும் இப்போது அகராதிகள் தருகின்றன. நண்பருக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பில் 'வெரி யுனிக்' தாராளமாக வரட்டும்.

விண்ணப்பத்தில் மட்டும் அந்த 'வெரி'யை எடுத்துவிடுங்கள். முடிந்தால் 'யுனிக்'கையும் எடுத்துவிட்டு, மூன்று மொழிகளில் டைப் செய்வேன் என்று திறமையையே எழுதிவிடுங்கள்.